பூஜ்யம் வந்தால் போதுமா?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தரவுத்தள சர்வரில் ஒரு கோப்பகத்தை அழிக்கக் கட்டளை கொடுத்தார். துணைச் சர்வரில் கொடுப்பதாக நினைத்துக் கொடுத்த கட்டளை, பயனர்களின் தரவு இருந்த முதன்மைச் சர்வரில் ஓடியது. ஓரிரு விநாடிகளில் தவறு புரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். கைதவறுவது எங்கும் நடப்பது. அதற்காகத்தான் பேக்கப் எடுக்கிறோம். ஆனால் பேக்கப் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. தரவுத்தளத்தைப் பிரதியெடுக்க வேண்டிய பிஜி டம்ப் கட்டளை 9.2 பதிப்பாகவும், தரவுத்தளம் 9.6 பதிப்பாகவும் இருந்தன. தரவுத்தளம் தன்னைவிடப் புதிய பதிப்பாக இருந்தால் பிஜி டம்ப் பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும். அப்படித்தான் நின்றது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் வழியாக ஓடும் வேலை தோற்றால் மின்னஞ்சல் போகும்படியும் ஏற்பாடு இருந்தது, மின்னஞ்சலும் போனது. ஆனால் அந்த அஞ்சல்களுக்கு டிமார்க் என்னும் சரிபார்ப்பு அமைக்கப்படாததால், பெறும் பக்கத்துச் சர்வர் அவற்றை உள்ளே விடாமல் தள்ளிவிட்டது.

இவை எல்லாவற்றையும் அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டது. படிக்கையில் மனதைத் தைப்பது, அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் பொய் சொல்லவில்லை என்பதுதான். கட்டளை தான் தோற்றதைச் சொன்னது. அதை ஓட்டிய கிரான் கேட்டுக்கொண்டது. கேட்டதை அஞ்சலிலும் போட்டது. அப்படியும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு ஸ்கிரிப்ட் தானே செய்யாமல் வெளியிலிருந்து வேறொரு நிரலைக் கூப்பிட்டு வேலை வாங்கும்போது, அந்த வேலை நடந்ததா என்று எப்படி அறிவது என்று கேட்டால், 'எக்ஸிட் கோடைப் பார். பூஜ்யம் என்றால் நடந்தது, மற்றதெல்லாம் பிழை' என்று எல்லாரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த வரி தப்பில்லை, ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. பிழை வந்ததா என்று தேடும் ஸ்கிரிப்ட், பிழையைக் காணாதபோதெல்லாம் வேலை முடிந்துவிட்டதாக நம்புகிறது. கேட்டது கைக்கு வந்ததா என்று தேடும் ஸ்கிரிப்ட் அப்படி நம்புவதில்லை. இரண்டாவது வகையாகத்தான் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும் என்பது என் வாதம். அதற்கு முன்னால், முதல் வகை எங்கெங்கே ஏமாறுகிறது என்பதைப் பொறுமையாகப் பார்த்தாக வேண்டும்.

யூனிக்ஸில் ஒரு நிரல் இன்னொன்றை ஓட்டும் விதம் எளிமையானது. தாய் ப்ராசஸ் தன்னைப் போலவே ஒரு பிள்ளையை உண்டாக்குகிறது, பிள்ளை தன் உள்ளடக்கத்தை விட்டுவிட்டுக் கூப்பிட்ட நிரலாக மாறுகிறது, தாய் காத்திருக்கிறது. பிள்ளை முடிந்ததும் கெர்னல் தாயிடம் ஒரே ஒரு எண்ணைக் கொடுக்கிறது. மரபுப்படி அது 16 பிட் கொண்டது. மேல் 8 பிட்டில், பிள்ளை தானாகச் சொல்லிவிட்டுப் போன எக்ஸிட் கோட். கீழ் 8 பிட்டில், அது சிக்னலால் கொல்லப்பட்டிருந்தால் எந்தச் சிக்னல் என்ற தகவல். ஒரு பிள்ளையின் வாழ்வு முழுவதற்குமான சாட்சியம் இவ்வளவே. 8 பிட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும் என்பதிலிருந்தே முதல் பொறி கிளம்புகிறது. ஒரு சோதனை நிரல், தான் கண்ட பிழைகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிழை என்றால் 3, நூறு பிழை என்றால் 100. மிகச் சரியாக 256 பிழை வரும் நாளில் மேல்பகுதி வெட்டுப்பட்டு, தாயின் கைக்குப் பூஜ்யம் வந்து சேரும். பெர்ல் மொழி இன்னொரு விதத்தில் இதை வெளிக்காட்டுகிறது. வெளிக்கட்டளையை ஓட்டியபின் அது தரும் எண் கெர்னல் கொடுத்த அதே 16 பிட் எண். 1 என்று சொல்லிவிட்டுப் போன கட்டளைக்கு அங்கே 256 என்று காட்டும். வலப்பக்கம் 8 இடம் நகர்த்தினால்தான் உண்மையான கோட் கிடைக்கும். இதைவிட மோசமான இடமும் பெர்லில் உண்டு. கோப்பைத் திறக்கும் கட்டளைக்குப் பின்னால் 'இல்லாவிட்டால் செத்துப்போ' என்று எழுதிப் பழகிய கை, வெளிக்கட்டளைக்கும் அதையே எழுதிவிடும். அங்கே வெற்றிக்குரிய பூஜ்யம் பெர்லின் கண்ணில் 'பொய்' என்பதால், கட்டளை வென்றால் ஸ்கிரிப்ட் சாகும். தோற்றால் தொடர்ந்து ஓடும்.

எண் கைக்கு வந்த பிறகும் அதன் பொருள் எல்லாருக்கும் ஒன்றல்ல. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 காலத்து மரபில் கோடுகள் நான்கின் மடங்குகளாக ஏறும்: 4 என்றால் எச்சரிக்கை, 8 என்றால் பிழை, 12, 16 என்று கடுமை கூடும். விஎம்எஸ் இயங்குதளத்தில் ஒற்றைப்படை எண் வெற்றி, இரட்டைப்படை தோல்வி. விண்டோஸின் ரோபோகாப்பி, கோப்புகளை ஒழுங்காக நகலெடுத்து முடித்தால் 1 என்று சொல்லும். அதில் 8-உம் அதற்கு மேலும் வந்தால்தான் தோல்வி. யூனிக்ஸுக்குள்ளேயே கிரெப்பை எடுத்துக்கொள்வோம்: தேடிய சொல் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பைத் திறக்கவே முடியாமல் போனால் 2. டிஃப்பும் அப்படியே: ஒன்றுபோல இருந்தால் 0, வேறுபட்டால் 1, தொல்லை என்றால் 2. இங்கே 1 என்பது பிழையே அல்ல, கேட்ட கேள்விக்கான 'இல்லை' என்ற நேர்மையான பதில். ஆர்சிங்கின் 24, நகலெடுக்கும் நடுவே சில மூலக் கோப்புகள் மறைந்துவிட்டன என்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அஞ்சல் சர்வரில் அது அன்றாடம் நடப்பது, காப்பக வட்டில் அது அபாயச் சங்கு. ஆக, ஒரு கட்டளையின் எண்ணைப் பிழையாகக் கொள்வதா வேண்டாமா என்பதை எண் மட்டும் தீர்மானிக்க முடியாது. கூப்பிட்டவர் எதற்காகக் கூப்பிட்டார் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

கட்டளை சொன்ன எண்ணுக்கும், கட்டளையைப் பற்றி ஷெல் சொல்லும் எண்ணுக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 127 என்றால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை. 128-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிக்னலால் செத்தது. 137 என்று கண்டால் 128-ஐக் கழித்துப் பாருங்கள், 9 மிஞ்சும். யாரோ, பல நேரம் நினைவகம் தீர்ந்துபோன கெர்னலே, அதைக் கொன்றிருக்கிறது. தொடங்கவேயில்லை, தொடங்கி மறுத்தது, நடுவில் கொல்லப்பட்டது என்ற மூன்றும் வேறுவேறு நிலைகள். மூன்றுக்கும் மருந்தும் வேறுவேறு. தோற்றால் மறுபடி முயல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய ஸ்கிரிப்ட், இல்லாத கட்டளையை ஐந்து முறை கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

எண்ணின் குழப்பத்தைவிடப் பெரியது, எண்ணை யாரும் பார்க்காமலே கடந்துபோகும் ஷெல்லின் இயல்பு. ஒரு வரி தோற்றால் ஷெல் அடுத்த வரிக்குப் போகிறது. இதை வடிவமைப்புக் கோளாறு என்று திட்டுவது எளிது. காரணம் கேட்டால் அது நியாயமாகவே தெரியும். ஷெல் முதலில் திரைமுன் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காகப் பிறந்தது. ஒரு கட்டளை தோற்றதற்காக அவரை வெளியே தள்ளிவிடும் ஷெல்லை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். தோல்விச் செய்தியைத் திரையில் படித்து அடுத்து என்ன என்று முடிவெடுக்க ஒரு மனிதர் அங்கே இருந்தார். அதே மொழியைக் கோப்பில் எழுதி நள்ளிரவு இரண்டு மணிக்கு ஓட வைத்தபோது மனிதர் எழுந்து போய்விட்டார். அவர் இருப்பதாக நம்பிச் செய்த ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஷெல் பிறந்த அதே பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கருவி எதிர்த்திசையில் போனது. மேக் ஓட்டும் எந்த வரியும் பூஜ்யமல்லாத எண்ணைத் தந்தால் அது உடனே நின்றுவிடும். தோற்றாலும் பரவாயில்லை என்ற வரிகளின் முன்னால் எழுதுகிறவர் ஒரு சிறுகோடு போட வேண்டும். இந்தச் சிறுகோட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கவனிக்காமல் விடுவதற்கும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அது கேட்கிறது. மேக் கோப்பைப் படிக்கும் எவருக்கும் எந்தெந்தத் தோல்விகள் வேண்டுமென்றே பொறுத்துக்கொள்ளப்பட்டவை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஷெல் ஸ்கிரிப்டைப் படிக்கிறவருக்கு, சோதிக்கப்படாத வரி தெரிந்து விடப்பட்டதா மறந்து விடப்பட்டதா என்று தெரிய வழியே இல்லை.

ஷெல்லையும் மேக்கைப்போல நிற்க வைக்க வழி இருக்கிறதே என்பது முதல் மறுப்பு. இருக்கிறது: செட் மைனஸ் ஈ. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் போர்ன் ஷெல்லிலேயே அது உண்டு. ஸ்கிரிப்டின் தலையில் அதை எழுதினால், தோற்கும் முதல் கட்டளையோடு ஓட்டம் நிற்கும். அதை எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகள் உண்டு என்பதை மறுக்க முடியாது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் வெளிப்பட்ட கோளாறு அப்படிப்பட்டது. அதன் தொடக்க ஸ்கிரிப்ட் தான் எந்தக் கோப்பகத்தில் இருக்கிறது என்று அறிய, சிடி கட்டளையால் அங்கே போய், போன இடத்தின் பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொண்டது. பின்னால் ஒரு வரி, அந்த மாறியை எழுதி, அதன் பின்னே ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் இட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழிக்கச் சொன்னது. சிடி தோற்றால் மாறி வெறுமையாகிவிடும். வெறுமைக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் வந்தால், கணினியின் வேரிலிருந்து எல்லாம் என்று பொருள். பாதிக்கப்பட்ட பயனருக்கு, கோப்பு முறைமையில் தன் பெயரில் இருந்ததெல்லாம் போனது. பேக்கப்புக்காக இணைத்து வைத்திருந்த வெளி டிரைவும் சேர்ந்து போனது. அந்த வரிக்கு மேலே, இது பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதியவரே எழுதி வைத்திருந்தார். பயம் சரியானது, அதைச் சோதனையாக மாற்றவில்லை. மாறி வெறுமையாக இருந்தால் நில் என்று சொல்ல ஷெல்லில் ஒரு கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போதும்.

ஆனால் செட் மைனஸ் ஈ-யில் ஓட்டைகள் நிறைய. ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனையில் வைத்துக் கூப்பிட்டால், அந்த ஃபங்ஷனின் உள்ளே எத்தனை வரிகள் இருந்தாலும் அத்தனைக்கும் பாதுகாப்பு விலகிவிடும். நடுவில் ஒரு வரி தோற்றாலும் ஓட்டம் தொடர்ந்து, கடைசி வரி வென்றுவிட்டால் ஃபங்ஷனே வென்றதாகக் கணக்கு. இதில் கொடுமை, கவனமாக எழுதுகிறவர்தான் இதில் விழுகிறார்: வேலை நடந்ததா என்று சோதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அவர் 'இஃப்' போட்டார். இன்னொன்று: பாஷில் ஒரு ஃபங்ஷனுக்குள் 'லோக்கல்' என்று மாறியை அறிவித்து, அதே வரியில் ஒரு கட்டளையின் விடையை அதில் இட்டால், வரியின் முடிவாகக் கணக்கில் வருவது கட்டளையின் எண் அல்ல, 'லோக்கல்' என்ற அறிவிப்பின் எண். அறிவிப்பு எப்போதும் வெல்லும். அறிவிப்பை ஒரு வரியிலும் விடையை அடுத்த வரியிலும் பிரித்து எழுதினால் தோல்வி தெரிகிறது. சேர்த்து எழுதினால் மறைகிறது. இத்தனை விதிவிலக்குகளை மனப்பாடம் செய்துதான் பாதுகாப்பைப் பெற வேண்டும் என்றால், அதை எழுதுங்கள், ஆனால் அதன்மீது சாய்ந்து தூங்காதீர்கள் என்றுதான் சொல்ல முடியும்.

பைப் வந்ததும் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. தரவுத்தளத்தை டம்ப் செய்து, வருவதை நேரே ஜிசிப்பில் விட்டுச் சுருக்கி, ஒரு கோப்பில் வைப்பது உலகெங்கும் எழுதப்படும் பேக்கப் வரி. பைப்பின் முடிவாக ஷெல் எடுத்துக்கொள்வது கடைசிக் கட்டளையின் எண்ணை மட்டுமே. டம்ப் முதல் விநாடியிலேயே தோற்றுப்போனால் ஜிசிப்புக்கு வருவது வெறுமை. வெறுமையையும் அது முறையாகச் சுருக்கி, 20 பைட் உள்ள, இலக்கணப் பிழையே இல்லாத ஒரு கோப்பை உண்டாக்கி, பூஜ்யம் என்று சொல்லும். கோப்பு இருக்கிறது, தேதி இன்றைய தேதி, பெயர் சரி, திறந்தால் திறக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. இதற்கு மருந்தாக, பைப்பில் எந்தக் கண்ணி தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கொள்ளும் பைப்ஃபெயில் என்ற விருப்பத்தைக் கார்ன் ஷெல் கொண்டுவந்தது. பாஷ் 2004-இல் தன் 3.0 பதிப்பில் சேர்த்தது. போசிக்ஸ் தரம் 2024-இல்தான் அதை ஏற்றது. பைப்ஃபெயில் போட்ட பிறகு புதிதாக ஒரு தலைவலியும் வரும். நீண்ட பட்டியலில் முதல் வரி மட்டும் போதும் என்று 'ஹெட்' கட்டளையில் விட்டால், அது ஒரு வரியைப் படித்துவிட்டுக் கதவை மூடிவிடும். இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் முன்கட்டளை சிக்னலால் சாகும். 141 என்ற எண் வரும். எல்லாம் ஒழுங்காக நடந்தும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். இதனாலேயே பைப்ஃபெயிலைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 141 எந்த வரியில் இயல்பானதோ அந்த ஒரு வரியில் அதைப் பொறுத்துக்கொள்ள எழுதலாம். மற்ற எல்லாப் பைப்புகளையும் அதற்காகக் குருடாக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டளை உண்மை சொல்லியும் ஸ்கிரிப்ட் கேட்காத கதை. கட்டளையே உண்மை சொல்லாத இடங்களும் உண்டு. கர்ல் கட்டளையால் ஒரு கோப்பைப் பதிவிறக்கினால், அந்தக் கோப்பு இல்லை என்று சர்வர் 404 பக்கத்தை அனுப்பினாலும் கர்ல் பூஜ்யம் சொல்லும். அதன் பார்வையில் அது பொய்யல்ல. கேட்டேன், பதில் வந்தது, கொடுத்துவிட்டேன் என்கிறது. 'ஃபெயில்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் 22 என்று முறையிடும். அந்த விருப்பம் இல்லாத ஸ்கிரிப்ட், பிழைப் பக்கத்தின் எச்டிஎம்எல்லைச் சேமித்து, அதையே நிரலாக ஓட்டப் பார்க்கும். ஃபைண்ட் கட்டளை தான் கண்டெடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் வேறொரு கட்டளையை ஓட்டும்போது, அரைப்புள்ளியோடு முடியும் வடிவத்தில் அந்த உள்கட்டளைகள் அத்தனையும் தோற்றாலும் தன் எண்ணில் காட்டாது. கூட்டல் குறியோடு முடியும் வடிவத்தில் காட்டும். ஒரே ஒரு குறி வித்தியாசம்.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை போதும். சி மொழி கற்கிறவர்கள் முதல் நாள் எழுதும், வணக்கம் சொல்லும் நான்கு வரி நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் வட்டு நிறைந்துவிட்டது என்ற பிழை வரும். அந்த நிரலின் வெளியீட்டை அதற்குள் திருப்பிவிட்டு, எக்ஸிட் கோடைப் பாருங்கள். பூஜ்யம். நிரல் எழுதிய எழுத்துகள் முதலில் நினைவகத்துப் பஃபரில் சேர்ந்தன. நிரல் முடியும் நேரத்தில்தான் அவை வெளியே தள்ளப்பட்டன. தள்ளியது தோற்றதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செய்ய வேண்டிய ஒரே வேலை நடக்கவில்லை, ஆனால் நடந்தது என்று சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஜிஎன்யூ திட்டத்தின் அடிப்படைக் கருவிகள் இந்தக் காரணத்தால்தான் முடியும் முன் வெளியீட்டை மூடிப்பார்த்து, அதில் தோல்வி இருந்தால் பூஜ்யமல்லாத எண்ணைத் தருகின்றன. அந்தக் கவனத்தோடு எழுதப்படாத எத்தனை நிரல்களை நம் ஸ்கிரிப்டுகள் தினமும் கூப்பிடுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், எக்ஸிட் கோடை ஒரு சாட்சியமாக ஏற்கலாமே ஒழிய தீர்ப்பாக ஏற்கக் கூடாது என்பது விளங்கும். முடியவே முடியாமல் தொங்கி நிற்கும் கட்டளை எந்த எண்ணையும் தருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு 'டைம்அவுட்' கட்டளையில் பொதிந்து ஓட்டி, நேரம் மீறினால் அது தரும் 124-ஐப் பார்ப்பது எளிய வழி.

ஷெல்லை விட்டு முழுமையான மொழிக்குப் போய்விடுங்கள், எக்ஸெப்ஷன் வரும், இந்தத் தொல்லையெல்லாம் தீரும் என்பது இரண்டாவது மறுப்பு. பாதி உண்மை. பைத்தானில் 2015-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து வெளிக்கட்டளையை ஓட்டுவதற்கென்று ஒழுங்கான ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதில் 'செக்' என்ற விருப்பத்தை இயக்கினால் தோல்விக்கு எக்ஸெப்ஷன் எழும். சொல்லாமல் விட்டால் இயக்கப்படாமலே இருக்கும். பவர்ஷெல்லில் தன் சொந்தக் கட்டளைகளுக்குப் பிழைக் கொள்கை இருந்தும், வெளி நிரல்களின் எக்ஸிட் கோட் அதற்குக் கட்டுப்படவில்லை. 2023-இல் வந்த 7.4 பதிப்பில்தான் அதையும் சேர்த்துக்கொள்ளும் விருப்பம் முறையாக நிலைபெற்றது. துணிந்து வேறு வழி போன மொழி டிசிஎல். அதன் 'எக்ஸெக்' கட்டளை, வெளி நிரல் பூஜ்யமல்லாத எண்ணோடு முடிந்தாலும் பிழை எழுப்பும். பிழைச் செய்திகளுக்கான ஸ்டாண்டர்ட் எரர் வழியில் ஏதாவது எழுதினாலும் எழுப்பும். எழுதினாலே பிழை என்பது மிகை. எத்தனையோ நல்ல நிரல்கள் தங்கள் முன்னேற்றத்தை அந்த வழியில்தான் சொல்கின்றன. அந்த வழியின் பெயரில்தான் பிழை இருக்கிறது; நடைமுறையில் அது மனிதரிடம் பேசும் வழி. எனவே அதில் வரும் சொற்களை ஆராய்ந்து தோல்வியைக் கண்டுபிடிக்க முயல்வது, நிரலின் அடுத்த பதிப்பில் வாசகம் மாறினால் உடையும். அந்தச் செய்தியை வீசிவிடாமல் எண்ணோடு சேர்த்து லாகில் வைப்பதுதான் அதற்குரிய மரியாதை. வெறும் 'கட்டளை தோற்றது, கோட் 1' என்ற வரி, காலையில் வந்து பார்க்கிறவருக்கு எதையும் சொல்லாது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். கேட்டது கைக்கு வந்ததா என்று பார்ப்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? பிஜி டம்ப் எழுத்து வடிவில் எடுக்கும் பிரதியின் இறுதியில், டம்ப் முடிந்தது என்று பொருள்படும் ஒரு குறிப்பு வரி இருக்கும். சுருக்கிய கோப்பை விரித்து, கடைசி வரிகளில் அது இருக்கிறதா என்று கிரெப்பால் கேட்பது ஒரு வரி வேலை. அந்த ஒரு கேள்வி, பதிப்பு பொருந்தாமை, பைப்பின் மறைப்பு, வட்டு நிறைதல், நடுவில் கொல்லப்படுதல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். இன்னும் யாரும் நினைத்துப் பார்க்காத தோல்வியையும் பிடிக்கும். தோல்விக்கு ஆயிரம் வழி, வெற்றிக்கு ஒன்றிரண்டே அடையாளம். ஆயிரத்தையும் காவல் காப்பதைவிட ஒன்றைக் கேட்டு வாங்குவது எளிது என்பதே இதன் பலம். கூடவே, புதிய பிரதியைத் தற்காலிகப் பெயரில் எழுதி, சோதனை தேறிய பிறகே உண்மைப் பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் பாதியில் நிற்காது. ஆகவே உண்மைப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்றாலே அது தேறிய கோப்பு. இதைச் செய்யாததால் வரும் கேடு மேக்கிலும் உண்டு. கட்டளை பாதி எழுதித் தோற்றால் அரைகுறைக் கோப்பு மிஞ்சிவிடும். அடுத்த முறை மேக் அதன் புதிய தேதியைப் பார்த்து, இது தயாராக இருக்கிறது என்று தாண்டிப் போகும். அதற்கென்றே, தோற்றால் இலக்கை அழித்துவிடு என்ற தனிக் குறிப்பை ஜிஎன்யூ மேக்கில் எழுத வேண்டியிருக்கிறது.

இத்தனையும் செய்து தோல்வியைக் கண்டுபிடித்தாலும், கண்டுபிடித்தது மனிதரிடம் சேர வேண்டும். கிட்லேப்பில் அறுந்தது அந்தக் கண்ணிதான். கிரானின் பழைய ஏற்பாட்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு: அது அஞ்சல் அனுப்புவது எக்ஸிட் கோடைப் பார்த்து அல்ல, வெளியீடு ஏதாவது வந்ததா என்று பார்த்து. சத்தமில்லாமல் தோற்கும் வேலைக்கு அஞ்சல் வராது. சத்தமாக வெல்லும் வேலைக்குத் தினமும் வரும். தினமும் வரும் அஞ்சலை யாரும் படிக்க மாட்டார்கள். பிறகு தொல்லை பொறுக்காமல் வெளியீடு முழுவதையும் /டெவ்/நல்லுக்குத் திருப்பிவிடுவார்கள். அன்றோடு கிரான் ஊமையாகிவிடும். படிக்கப்படாத அஞ்சலின் விலை என்ன என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1-இல் அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிடலுக்கு நடந்தது சாட்சி. எட்டுச் சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. சந்தை திறக்கும் முன்பே பிழையைச் சுட்டும் 97 தானியங்கி அஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கையாக நடத்தப்படவில்லை. முக்கால் மணி நேரத்தில் கிளம்பிய தவறான வர்த்தகங்களால் ஏற்பட்ட இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழியை இயந்திரங்களுக்கும் நீட்டியதுதான் இங்கெல்லாம் நாம் செய்த தவறு. தோற்றால் சொல் என்று வைத்த ஏற்பாட்டில், தோல்வியும் ஏற்பாடும் சேர்ந்து சாகும்போது எஞ்சுவது மௌனம். அது வெற்றியின் மௌனத்தைப் போலவே இருக்கும். தலைகீழாக வைக்கலாம்: வென்றால் வேறொரு கணினிக்குச் சொல், காலை ஆறு மணிக்குள் சொல் வராவிட்டால் அந்தக் கணினி மணி அடிக்கட்டும். கிட்லேப்பில் இப்படி ஒரு மணி இருந்திருந்தால், பேக்கப் தோற்ற முதல் நாளே அடித்திருக்கும். அஞ்சல் தள்ளப்பட்டது அதைத் தடுத்திருக்காது.

பத்து வரி ஸ்கிரிப்டுக்கு இத்தனை சோதனையா என்ற மறுப்புக்கு என் பதில் சுருக்கமானது. திரைமுன் உட்கார்ந்து ஓட்டுகிற பத்து வரிக்கு வேண்டாம். படிக்க ஒருவர் இருக்கிறார். ஆளில்லாத நேரத்தில் ஓடப்போகும் பத்து வரிக்கு வேண்டும். நீளம் அளவுகோல் அல்ல. இதைவிடக் கனமான மறுப்பு வேறு: நின்றுவிடுவது எப்போதும் நல்லதா? சேவையை நிறுத்தி, கோப்புகளை நகர்த்தி, மறுபடி தொடங்கும் ஸ்கிரிப்ட் நடுவில் நின்றால், சேவை விடியும்வரை படுத்தே கிடக்கும். முப்பது சர்வர்களை வரிசையாகச் சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட், மூன்றாவதில் தடுக்கியதற்காக மற்ற இருபத்தேழை விட்டுவிடக் கூடாது. இது சரியான மறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு நில் என்பது கண்ணை மூடிக்கொண்டு தொடர் என்பதற்கு மருந்தாகாது. முதல் வகைக்கு, எப்படி வெளியேறினாலும் சேவையைத் திரும்பத் தொடங்கும்படி 'ட்ராப்' எழுதி வைக்கலாம். இரண்டாம் வகைக்கு, தோற்ற சர்வர்களின் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடி, இறுதியில் அந்தப் பட்டியலோடு பூஜ்யமல்லாத எண்ணைத் திருப்பலாம். இரண்டிலும் தொடர்வது ஒரு முடிவாக எழுதப்பட்டிருக்கிறது, மேக்கின் சிறுகோட்டைப் போல. அதற்கு நேர் எதிரானது, வரியின் இறுதியில் 'அல்லது ட்ரூ' என்று ஒட்டிவிடும் வழக்கம். கிரெப் சொல்லும் 1-ஐப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அதை எழுதுகிறார்கள். கோப்பே இல்லை என்ற 2-ஐயும், கிரெப்பே இல்லை என்ற 127-ஐயும் அது சேர்த்து விழுங்குகிறது. எண்ணை ஒரு மாறியில் வாங்கி, 1-க்கு மேல் என்றால் நில் என்று எழுத இரண்டு வரி கூடுதலாக ஆகும். அந்த இரண்டு வரிக்குச் சோம்பக் கூடாது.

கிட்லேப் மீண்டது முறைப்படி தினமும் ஓடிய எந்த ஸ்கிரிப்டாலும் அல்ல. விபத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு, சோதனைச் சர்வரில் புதிய தரவு வேண்டும் என்பதற்காக ஒரு பொறியாளர் தன் கையாலேயே ஒரு வட்டுப் பிரதி எடுத்திருந்தார். அந்தத் தரவை வைத்து அன்றைக்கு அவருக்கு வேலை இருந்தது. அந்தச் சோதனைச் சர்வரின் மெதுவான வட்டுகளிலிருந்து தரவை மணிக்கணக்கில் நகலெடுத்துத் தளத்தை மீட்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பயனர்கள் தரவுத்தளத்தில் சேர்த்தவை திரும்பவில்லை.